முதல் மூடி

எங்கள் சந்தில், இங்கே கல்லி என்போம், யார் குப்பி திறந்தாலும் முதலில் விரலை நனைத்துத் தரையில் மூன்று சொட்டு தெளிப்பார்கள். அது சுடலைமாடனுக்கு. திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தாராவிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பையன்கள்கூட இதை மட்டும் மறப்பதில்லை. மாடனுக்கு அடுத்தது எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு. குப்பியின் மூடியிலேயே ஊற்றி அவரிடம் நீட்ட வேண்டும். அவர் வாயில் கவிழ்த்துக் கண்ணை மூடி விழுங்குவார். மூடியைச் சட்டை நுனியில் துடைத்துத் திருப்பித் தருவார். பிறகு ஒரு பீடி பற்றவைப்பார். அந்தப் பீடி முடிகிற வரைக்கும் யாரும் தம்ளரைத் தொடக் கூடாது. முடிந்ததும், "ஒண்ணுமில்ல, குடிங்கடே" என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்.

அவரைக் குடிகாரர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒரு மூடிக்கு மேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. அதையும் ரசித்துக் குடித்ததில்லை. கஷாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி முகம் சுருங்கிப் போகும். குடிக்கிறவன் குடித்துவிட்டுப் போகிறான், இவருக்கு ஏன் இந்தப் பாடு என்று எனக்கு எரிச்சலாக வரும். நாள் முழுக்க ஆபீசில் வசவு வாங்கிவிட்டு, ரயிலில் நசுங்கி வந்து உட்கார்ந்திருப்பேன். கண்ணெதிரே குப்பி திறந்திருக்கும். இந்த மனிதர் சாவகாசமாகப் புகை விட்டுக்கொண்டிருப்பார். கோபம் வராதவன் யாராவது இருந்தால் அவன் கும்பிடத் தகுந்தவன்.

அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை இருந்தது. பைகளுக்குக் கைப்பிடி தைத்துக் கொடுக்கும் பட்டறை. கீழே வீடு, மேலே பட்டறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. எந்நேரமும் அவர் மேல் தோல் ஒட்டுகிற பசையின் வாடை அடிக்கும். எதிர்வீடு என்பதால் எங்கள் சோற்றிலும் அது அடிக்கும். நல்ல மனிதர்தான். கல்லியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் டாக்ஸி பிடிக்க ஓடுவார். ஆனால் குப்பி என்று வந்துவிட்டால் தாட்சண்யமே கிடையாது.

துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவன் ஏர்போர்ட்டில் வாங்கிய குப்பியோடு ஊர்க்காரர்களுக்கெல்லாம் விருந்து வைத்தான். அண்ணாச்சி கையை நீட்டியதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பில்லு இருக்கு அண்ணாச்சி. வேணும்னா காட்டுதேன்."

"பில்லு இருக்கட்டும்டே. மூடிய இங்க கொண்டா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினான். அண்ணாச்சி குடித்தார், பீடி பற்றவைத்தார், நாங்கள் காத்திருந்தோம். துபாய் அந்தஸ்தெல்லாம் அந்தப் பீடியோடு சேர்ந்து புகைந்து போயிற்று.

என் தங்கை கல்யாணம் செம்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாடி அறையில் என் ஆபீஸ் மேனேஜருக்கென்று ஒரு நல்ல ஸ்காட்ச் வாங்கி வைத்திருந்தேன். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். மேனேஜர் சிரித்துக்கொண்டே ஹிந்தியில், இவர் என்ன ராஜா வீட்டில் சாப்பாட்டை ருசி பார்க்கிறவரா என்று கேட்டார். அண்ணாச்சி ஒரு மூடி குடித்தார். அறையில் புகைபிடிக்கக் கூடாது என்று மண்டபத்துக்காரர்கள் சொல்லிவிட்டதால் கீழே வாசலுக்கு இறங்கிப் போய்ப் பீடி பற்றவைத்தார். மேனேஜரும் நானும் ஜன்னல் வழியாக அவர் தலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். முடித்துவிட்டு மேலே வந்து, "ஒண்ணுமில்ல. சாருக்கு ஊத்துங்க" என்றார். அன்றைக்கு எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அவர் ஏன் இப்படி என்று கல்லியில் எல்லாருக்கும் பாதி தெரியும். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் மூலைக் கடைப் பாக்கெட் சாராயத்தில் விஷம் கலந்து போய், எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பாடை கட்டினார்கள். அதில் தம்பியும் போனான். அவன் மனைவி பிரசவத்திலேயே போயிருந்தாள். நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளையை அண்ணாச்சியும் மதினியும் எடுத்து வளர்த்தார்கள். மதினி என்று நான் சொல்வது அண்ணாச்சியின் மனைவியை. அவர்களுக்குப் பிள்ளையில்லை. செல்வம்தான் பிள்ளை. அவன் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மேலே பட்டறை மிஷின் நின்றுவிடும், அப்படி வளர்த்தார்கள்.

மீதிப் பாதி எனக்குத் தெரிந்தது கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது. அந்த விஷம் உடனே வேலை செய்யாது, மறுநாள் வரைக்கும்கூட ஆகலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். தம்ளருக்காகக் காத்திருந்த இத்தனை சாயங்காலமும் வீண்தானே என்று எனக்கு ஒரே ஆத்திரம். அதை அவரிடம் சொல்லியே விட்டேன். ஒரு பீடி நேரத்தில் எதுவும் தெரியாது அண்ணாச்சி, நீங்கள் செய்வதில் அர்த்தமே இல்லை என்றேன்.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியாதாடே. அவனுக்கு மறுநாள் மத்தியானந்தான வந்துச்சு. சோறு போட்டு உக்காந்திருக்கோம். யாரு லைட்ட அணைச்சதுன்னு கேட்டான். வெளிய வெயிலு கொளுத்துது."

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

"பாக்கெட்ட வாங்கிக் குடுத்தது நான். மேலு வலிக்குன்னான். எனக்கு அவசர ஆர்டர் ஒண்ணு இருந்துச்சு. அதனால நான் குடிக்கல." காபியை ஒரு வாய் குடித்தார். "இனிமே எந்தக் குப்பியில வந்தாலும் எனக்கும் வரணும்ல."

எங்களைக் காப்பாற்றத்தான் குடிக்கிறார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர் எங்களோடு சாவதற்குத் தயாராகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நன்றியும் பயமும் ஒன்றாக வந்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இனி அந்த அமெரிக்கக் குப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வம் பாந்த்ராப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். வருஷக் கணக்காகக் கான்ட்ராக்டில்தான். தீபாவளிக்குப் பிறகு ஒருவரை மட்டும் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், அதை முடிவு செய்வது அவனுடைய பாஸ். அந்த பாஸுக்கு ஒரு பைத்தியம். சோளத்தில் காய்ச்சுகிற அமெரிக்க விஸ்கி, பர்பன் என்று பெயர், அதில் அபூர்வமான குப்பிகளாகத் தேடிச் சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் கொஞ்சமே கொஞ்சம் வெளியிடுகிற ஒரு குப்பி அவரிடம் இல்லை. அது ஓர் ஆளிடம் கிடைக்கும் என்று செல்வத்துக்குத் தெரிந்தது. விலை அவனுடைய இரண்டு மாதச் சம்பளம்.

வாங்கலாமா வேண்டாமா என்று பெரியப்பாவிடம் கேட்டான். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுவிட்டார். "நம்ம கல்லியில இத வெவரமா குடிக்கவன் நீதான்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அந்த விஸ்கியைக் குடித்தவர்கள் எழுதியதையெல்லாம் போனில் படித்தேன். நல்ல சரக்கு என்று எல்லாருமே எழுதியிருந்தார்கள். ஆனால் அதே கம்பெனியின் சாதாரணக் குப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது என்றும் பலர் எழுதியிருந்தார்கள். அமெரிக்காக் கடையில் அதற்கு ஒரு விலை. கடைக்கு வந்த அன்றே காலியாகிவிடும், பிறகு கைமாறிக் கைமாறிப் பல மடங்கு ஏறிவிடும்.

"பெறாது. வேற நல்ல குப்பியா நாலு வாங்கலாம்" என்றேன்.

"சித்தப்பா, நாலு குப்பி எல்லாரும் குடுப்பான்" என்றான் செல்வம். "இது அவர்ட்ட இல்ல. அதான் பாயின்ட்டு."

"கொஞ்சமா காச்சினா வெல கூடுமா?" என்று அண்ணாச்சி கேட்டார். "அப்பம் நம்ம பட்டறைய பாதி நாளு பூட்டிப் போட்டா கைப்பிடிக்கு வெல ஏறணுமே."

"பெரியப்பா, இத யாரும் குடிக்கதுக்கு வாங்க மாட்டாங்க."

"பின்ன?"

"வச்சிருப்பாங்க. அந்த அரக்கு சீல உடைக்காம வச்சிருந்தாத்தான் வேல்யூ."

அண்ணாச்சிக்கு இது புரியவே இல்லை. குடிக்காத சரக்கு என்று ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் வாங்கு என்றுதான் சொன்னார். "வெல கூடின சரக்குல சாவு இருக்காது. வாங்கு. உங்க பாஸு நல்லா இருக்கட்டும்." பெர்மனென்ட் ஆனால் செல்வத்துக்குப் பெண் பார்க்கலாம், பக்கத்திலேயே தனியாக ஓர் அறை, ஒரு கோலி, வாடகைக்கு எடுக்கலாம் என்று மதினி உள்ளேயிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் அந்தக் குப்பிமேல்தான் உயிர்.

குப்பி வந்தது. மரப்பெட்டிக்குள் கட்டையாகக் குந்தியிருந்தது. கழுத்தைச் சுற்றிக் கருஞ்சிவப்பு அரக்கு. லேபிளில் யாரோ பேனாவால் ஒரு நம்பர் எழுதியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். கல்லியே வந்து பார்த்துவிட்டுப் போனது. அண்ணாச்சி அதை ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் குப்பி காலியா வந்தாலும் பழைய சாமான் எடுக்க கபாடிக்காரன் நல்ல வெல குடுப்பான்டே" என்றார் என்னிடம். "கண்ணாடிக்கா குடுக்கான்?"

காலிக் குப்பியில் வேறு எதையாவது ஊற்றி விற்பார்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்பதுதான் அவர் பேச்சு. விற்றவன் யாரென்று அவருக்குத் தெரியாது. செல்வம் காதில் வாங்கவில்லை, பெட்டியை மூடிவிட்டான். நல்ல காரியத்துக்குப் போகிற எதையும் மாடன் படத்துக்கு முன் ஓர் இரவு வைத்துத்தான் கொடுத்தனுப்புவார்கள் அந்த வீட்டில். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, பட்டறையின் முதல் கைப்பிடியானாலும் சரி. மதினி பெட்டியை வாங்கி, எலுமிச்சம்பழத்துக்கும் சுருட்டுக்கும் பக்கத்தில் வைத்தார்கள். செல்வமும் கும்பிட்டுவிட்டுப் படுத்தான்.

காலையில் சத்தம் கேட்டு நான் எதிர்வீட்டு வாசலுக்கு ஓடினேன். செல்வம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தான். கையில் குப்பி. அரக்கைப் பட்டறைக் கத்தியால் சுற்றிலும் நறுக்கென்று வெட்டியிருந்தது. தக்கையைத் திரும்ப நன்றாக அழுத்தி வைத்திருந்தது. அந்தக் குப்பிக்கு மூடி கிடையாது, தக்கைதானே. அதனால் அண்ணாச்சி இருமல் மருந்தோடு வருகிற பிளாஸ்டிக் மூடியில் ஊற்றிக் குடித்திருக்கிறார். அது கழுவிக் கவிழ்த்து மாடன் படத்தின் கீழே இருந்தது. அண்ணாச்சி வாசல்படியில் பீடியை முடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. தைரியமா கொண்டு போ" என்றார்.

அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. தன் வீட்டிலிருந்து இன்னொருத்தர் வாய்க்குப் போகிற குப்பியைத் தான் குடிக்காமல் எப்படி அனுப்புவது என்றுதான் நினைத்திருக்கிறார்.

செல்வம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குப்பியைத் தரையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"எங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்தீங்கள்ல, அன்னைக்கு மொதல்ல குடிச்சிருக்கணும். இன்னைக்கு வந்து என் குப்பியில குடிக்கிறீங்க."

அது அவனுக்கும் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணாச்சி அவனை நிமிர்ந்து பார்த்தார். பீடித் துண்டைக் கீழே போட்டுத் தேய்த்தார்.

"ஆமாடே" என்றார்.

அந்த வேலை வேறொருவனுக்குப் போயிற்று. குப்பியைக் கொடுத்திருந்தாலும் அவனுக்குத்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட பாஸ்கள் குப்பியையும் வாங்கிக்கொள்வார்கள், தங்களுக்கு வேண்டியவனையும் வைத்துக்கொள்வார்கள். செல்வத்திடம் அதைச் சொல்ல முடியவில்லை. அந்த மாதமே தூரத்தில் கல்யாண் என்கிற ஊரில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். பெரியம்மாவுக்குப் போன் பண்ணுவான். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, போனிலிருந்து கசிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாளும் அவன் இவரைக் கேட்டதில்லை.

பிறகு அவர் போக்கு மோசமாகிவிட்டது. எங்கள் கல்லிக் குப்பிகள் போதவில்லை. லேபர் கேம்ப் பக்கம் நாட்டுச் சாராயம் விற்கிற தேசி பாருக்குப் போய், முன்பின் தெரியாதவன் மேஜையில் நின்றுகொண்டு, ஒரு மூடி ஊற்று என்று கையை நீட்டுவார். ஓசிக் குடிகாரன் என்று துரத்துவார்கள். ஒரு தடவை உதடு கிழிந்து வந்தார். சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். "அவனும் யாரோ ஒருத்தன் தம்பிதானடே" என்று ஒரே பதில். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் எங்கள் ஆட்கள்.

குப்பி மாடன் படத்தின் கீழேயே இருந்தது. பக்கத்தில் மருந்து மூடி.

"இப்பம் அது என்ன வெலைக்குடே போவும்?" என்று என்னிடம் கேட்பார்.

"தெறந்த குப்பிக்கு வெலையே கெடையாது அண்ணாச்சி."

"ஒரு மூடிதான கொறஞ்சிருக்கு."

இதையே மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். நானும் அதே பதிலைச் சொல்வேன்.

ஒரு மழைக்காலத்தில், கைப்பிடிக் கட்டோடு அந்த இரும்பு ஏணியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலேயே போய்விட்டார். செல்வம் கல்யாணிலிருந்து வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். மொட்டை அடித்து அவன்தான் கொள்ளி வைத்தான். சுடுகாட்டில் அவன் அழவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

திரும்பி வந்து குளித்துவிட்டுக் கல்லியில் உட்கார்ந்தோம். பாடை தூக்கினவர்களுக்கென்று யாரோ இரண்டு குப்பி வாங்கி வந்திருந்தார்கள். ஒருவன் திறந்தான், விரலை நனைத்துத் தெளித்தான், மூடியில் ஊற்றினான். ஊற்றிய பிறகுதான் அதை யாரிடம் நீட்டுவதென்று தெரியவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். யாரும் வாங்கவில்லை, யாரும் தம்ளரையும் எடுக்கவில்லை.

மதினி உள்ளேயிருந்து வந்தார்கள். அந்த அமெரிக்கக் குப்பியையும் மருந்து மூடியையும் செல்வத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

"இது நீ வாங்குனது. நீயே ஏதாவது செய்."

அவன் குப்பியை எடுத்து, கழுத்தில் வெட்டியிருந்த அரக்கை விரலால் தடவினான். பிறகு தக்கையைப் பிடுங்கினான். தரையில் மூன்று சொட்டு தெளித்தான். மருந்து மூடி நிறைய ஊற்றி வாயில் கவிழ்த்துக் கண்ணை மூடினான். பெரியப்பாவின் முகம் சுருங்குவது போலவே சுருங்கியது. அப்போதுதான் அழுகை வந்தது அவனுக்கு. தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

"ஏ செல்வம், எப்படிடே இருக்கு?" என்று ஒரு கிழவர் கேட்டுவைத்தார். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது.

"பெறாது" என்றான்.

வாசலில் நின்ற மதினி இறங்கி வந்து, இத்தனை ஆண்களுக்கு நடுவே, அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். ஆயுளில் அந்த வாடையே ஆகாதவர்கள். நெற்றியில் குங்குமம் அழித்த தடம் இன்னும் ஈரமாக இருந்தது. கையை நீட்டினார்கள்.

"நீ குடிச்சிட்டேல்ல. எனக்கும் ஒரு மூடி ஊத்து."

அவன் வேண்டாம் பெரியம்மா என்றான். அவர்கள் கையை மடக்கவில்லை. அவன் ஊற்றினான். ஒரே மடக்கில் விழுங்கி, மூடியைச் சேலை நுனியில் துடைத்து அவன் கையில் திரும்ப வைத்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரு பீடி முடிகிற நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் எழுந்திருக்கவில்லை.